குழந்தைக்குக் கட்டும் துணி



பினாங்குத் தீவின் மேற்குப் பக்கத்தில், மலைக்கு அப்பால் இருக்கிறது நம்முடைய பாலிக் புலாவ். தீவின் பின்புறம் என்பதுதான் அந்த மலாய்ப் பெயரின் பொருள். கிழக்கே மலை நிற்பதால் காலை வெயில் இங்கே சற்றுத் தாமதமாகத்தான் இறங்கி வரும். பிற்பகலில் பல நாள் மழை பிடித்துக்கொள்ளும். இடையில் கிடைக்கும் சில மணி நேர வெயிலை நம்பித்தான் கைக்குழந்தை உள்ள வீடுகளில் கொடி கட்டுகிறோம். அந்தக் கொடியில் தொங்கும் துணிகளைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

இடுப்புத் துணி என்கிறோம், மூத்திரத் துணி என்கிறோம், நாப்கின் என்கிறோம். மலாய்க்காரர்களோடு பழகிய பழக்கத்தில் லம்பின் என்றும் சொல்கிறோம். அணையாடை என்பது நூல்களில் வழங்கும் பெயர். பெயர் எதுவானாலும் சரி, பிறந்த நாள் முதல் ஏறக்குறைய இரண்டு வயது வரை இரவும் பகலும் குழந்தையின் உடம்போடு ஒட்டிக் கிடப்பது இந்தத் துணிதான்.

பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்த காலத்தில் பால்வெட்டுக்குப் போகும் தாய் குழந்தையோடு ஒரு துணி மூட்டையையும் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். இன்று அந்த மூட்டை பாட்டியிடம் போகிறது. பக்கத்து வீட்டுக்குப் போகிறது. பல வீடுகளில் பள்ளி விட்டு வரும் அக்காளின் கைக்குப் போகிறது. ஐந்தாம் ஆறாம் வகுப்பில் எங்களிடம் படிக்கும் பிள்ளைகள்தாம் மாலையில் தம்பி தங்கைக்குத் துணி மாற்றுகிறார்கள், அலசுகிறார்கள். ஆகவே சுகாதாரப் பாடத்தில் பல் துலக்குவதைச் சொல்லித்தரும் நாங்கள் இதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சொல்ல வேண்டியது பல இருந்தாலும், எல்லாம் ஒரே கருத்தில் அடங்கும். துணியில் எது தங்குகிறதோ அது குழந்தையின் உடம்பைச் சேரும். ஈரம் தங்கினால் ஈரம். சவுக்காரம் தங்கினால் சவுக்காரம். விஷம் தங்கினால் விஷம். பச்சிளங்குழந்தையின் தோல் மிக மெல்லியது. அதன் எடைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்பு நம்முடையதைவிட மிக அதிகம். போதாததற்கு அந்த இடம் எப்போதும் மூடியும் நனைந்தும் இருக்கிறது. வெளியில் இருப்பது உள்ளே போவதற்கு இதைவிட வசதியான வழி வேறில்லை.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்துக் கடுமையான வியர்வையும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் கண்டன. இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. ஆராய்ந்து பார்த்தபோது காரணம் பாலில் இல்லை, மருந்திலும் இல்லை. சலவையில் துணிகளுக்குச் சேர்த்த பூஞ்சைக் கொல்லி மருந்து, பெண்டாகுளோரோஃபீனால் என்பது, துணியிலேயே தங்கித் தோல் வழியாகக் குழந்தைகளுக்குள் போயிருந்தது. துணிகள் பார்வைக்கு வெள்ளை வெளேரென்றுதான் இருந்திருக்கும். வெண்மை வேறு, சுத்தம் வேறு என்பதை நாம் இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் துணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

பருத்தித் துணியே வேண்டும். கடையில் பார்க்கும்போது எல்லாம் பருத்தி போலத்தான் தோன்றும். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். துவைத்த பருத்தியானால் தண்ணீர் உடனே பரவி உள்ளே இறங்கிவிடும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் சற்று நேரம் மேலேயே நிற்கும். அப்படிப்பட்ட துணி குழந்தைக்கு உதவாது. புதுத் துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும். அதனால் நல்ல பருத்தியும் முதலில் தண்ணீரை ஏற்காது. மூன்று நான்கு முறை வெந்நீரில் துவைத்த பிறகே அது பயன்படும். பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி கட்டாதே, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டு என்று நம் பாட்டிமார்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய வேட்டியில் கஞ்சியும் இல்லை, முரட்டுத்தனமும் இல்லை.

சாயத் துணியைத் தவிர்ப்பது நல்லது. கைலியோ பாத்தேக்கோ பழசாகிவிட்டால் அதைக் கிழித்துக் கட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கட்டத்தான் வேண்டும் என்றால், ஈர வெள்ளைத் துணியால் அதை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தக் கைலி வீடு துடைக்கத்தான் லாயக்கு.

தேங்காய்ப்பூத் துண்டு நன்றாக ஈரம் உறிஞ்சும், இரவுக்கு ஏற்றது. ஆனால் காய நெடுநேரமாகும். நம்முடைய ஊருக்கு மெல்லிய மல் துணி, வலைத்துணி, பழைய வேட்டித் துணி ஆகியவையே பொருத்தம். கட்டும்போது பல மடிப்பாக மடித்துக் கட்டுகிறோம்; துவைத்த பின் விரித்துப் போட்டால் ஒற்றைத் துணியாகச் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. இப்போது பொத்தான் வைத்து, உள்ளே பல அடுக்கு வைத்துத் தைத்த துணிகளும் விற்கிறார்கள். அவை வசதியானவைதாம். வாங்குவோர் உள்ளடுக்கைத் தனியே உருவிக் காயப்போட முடிகிற வகையைப் பார்த்து வாங்க வேண்டும். சேர்த்துத் தைத்த தடித்த அடுக்கு மழைக்காலத்தில் நடுவில் காயவே காயாது.

அளவு என்ன? 60 சென்டிமீட்டர் சதுரம் போதும். பழைய எட்டு முழ வேட்டி ஒன்றிலிருந்து ஏறக்குறைய ஒரு டஜன் துணி கிடைக்கும். ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். இதைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. ஓரத்திலிருந்து பிரியும் நூல் குழந்தையின் கால்விரலிலோ, ஆண் குழந்தையின் குறியிலோ சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடுவது உண்டு. காரணமின்றிக் குழந்தை விடாமல் அழுதால் துணியை அவிழ்த்து விரல்களையும் பார்க்க வேண்டும்.

எத்தனை துணி வேண்டும்? பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டிவரும். வெயில் காலத்தில் இரண்டு டஜன் போதும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பினாங்கில் மழை மிகுதி. அப்போது பிறக்கப் போகும் குழந்தைக்கு மூன்று டஜன் சேர்த்து வைப்பது நல்லது. அதாவது பழைய வேட்டி மூன்று. பெரிய செலவு ஒன்றுமில்லை.

இனிக் கட்டும் முறை. சதுரத்தை முக்கோணமாக மடித்தோ, நீளவாக்கில் பட்டையாக மடித்தோ கட்டலாம். ஆண் குழந்தைக்கு மடிப்பின் கனம் முன்பக்கமும், பெண் குழந்தைக்கு அடிப்பக்கமும் வர வேண்டும். தொப்புள்கொடி விழும் வரை துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள். கொடி காற்றுப் பட்டுக் காய வேண்டும். ஊக்குக் குத்துவதானால் உங்கள் விரல்களைத் துணிக்கும் குழந்தையின் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ஊக்கைப் பக்கவாட்டில் குத்துங்கள். குத்தினால் முதலில் நம் விரலில்தான் குத்த வேண்டும்.

இறுக்கிக் கட்டக் கூடாது. முக்கியமாக, கால் வளையாமல் இருக்கட்டும் என்று இரண்டு கால்களையும் நேராக நீட்டி வைத்துச் சுற்றிக் கட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். குழந்தையின் கால்கள் தவளைக் கால் போல மடங்கி அகன்று கிடப்பதுதான் இயற்கை. இடுப்பு மூட்டுக் கிண்ணம் அந்த நிலையில்தான் சரியாக அமையும். நீட்டி இறுக்கினால் மூட்டு நழுவக் கூடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். துணிக்கு மேல் பிளாஸ்டிக் ஜட்டி போடுவது பயணத்துக்கு மட்டும் இருக்கட்டும். நாள் முழுவதும் போட்டால் உள்ளே புழுங்கித் தோல் வெந்துவிடும்.

துணி மாற்றும்போது ஒரு நிமிடம் அந்தத் துணியைப் பாருங்கள். அதில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதி நோயை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

பிறந்து ஐந்து நாளான பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நன்றாக நனைந்தால், குழந்தைக்குத் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று பொருள். பால் போதவில்லையோ என்று கலங்கிப் புட்டிப்பாலுக்கு ஓடும் தாய் முதலில் நனைந்த துணியை எண்ணட்டும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ உள்ள குழந்தை ஐந்தாறு மணி நேரம் துணியை நனைக்கவே இல்லை என்றால், உடம்பில் நீர் வற்றுகிறது என்று பொருள். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் செங்கல் நிறக் கறை தெரிவது பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் தேநீர் நிறத்தில் சிறுநீர் போனாலும், மலம் மஞ்சள் இல்லாமல் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனாலும், அந்தத் துணியையே மடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெளுத்த மலம் கல்லீரலின் பித்தக் குழாய் அடைப்புக்கு அடையாளமாக இருக்கலாம். தைவான் நாட்டில் 2004 முதல் மலத்தின் நிறங்களை அச்சடித்த ஓர் அட்டையை எல்லாத் தாய்மாருக்கும் கொடுத்து வருகிறார்கள். துணியைப் பார்க்கும் பழக்கத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

தொடை இடுக்கு சிவந்து வெந்திருந்தால் என்ன செய்வது? நனைந்த துணி நெடுநேரம் கிடந்தால் சிறுநீர் அம்மோனியாவாக மாறுகிறது. அது மலத்தில் உள்ள செரிமானப் பொருள்களைத் தூண்டிவிடத் தோல் அரிக்கப்படுகிறது. வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, சற்று நேரம் துணியில்லாமல் காற்றாட விடுவதே முதல் மருந்து. பவுடர் வேண்டாம். அது ஈரத்தில் கட்டிபட்டு உறுத்தும். பறக்கும் தூள் குழந்தையின் நுரையீரலுக்கும் ஆகாது. சிவப்பைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகள் தெரிந்தால் அது காளான் வகைத் தொற்று. கிளினிக்கில் காட்டித் தைலம் வாங்க வேண்டும். நம் வட்டாரத்தில் பேர்போன சாதிக்காய் எண்ணெயையும் மற்றக் காரமான தைலங்களையும் துணி மூடும் இடத்தில் தடவக் கூடாது. பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும்.

இப்போது துவைப்பதைப் பற்றிப் பார்ப்போம்.

குழந்தையின் மலம் சுத்தம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. பெரியவர் மலத்தில் உள்ள கிருமி அதிலும் உண்டு. மலத்தைக் கக்கூசில் தட்டிவிட்ட பிறகுதான் துணியை ஊறப்போட வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் எடுக்கும் ஓடையில் அலசக் கூடாது. ஊறப்போடும் வாளிக்கு மூடி வேண்டும். அதைத் தவழும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ஒரு சாண் தண்ணீருள்ள வாளியில் தலைகீழாக விழுந்த குழந்தையால் எழுந்திருக்க முடியாது. வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

துவைக்க வெறும் சவுக்காரம் போதும். பளிச்சென்று காட்டும் நீலமும், வாசனைக்கும் மென்மைக்கும் விடும் திரவமும் தேவையில்லை. அந்தத் திரவம் நூலின் மேல் படிந்து, துணி ஈரம் உறிஞ்சாமல் செய்துவிடும். வெளுக்கும் குளோரின் மருந்தை மூத்திரத் துணியில் நேரே ஊற்றவே கூடாது. சிறுநீரும் அந்த மருந்தும் சேர்ந்தால் நச்சுப் புகை எழும். மலம் பட்ட துணிக்கு மருந்தைவிடக் கொதிநீர் மேல். இயந்திரம் உள்ள வீட்டில் 60 டிகிரிச் சூட்டில் துவைக்கலாம்.

அலசுவதில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். சவுக்கார நுரை போனால் போதாது. மூன்று தண்ணீரில் அலச வேண்டும். கடைசித் தண்ணீர் தெளிவாக இருந்து, பிழிந்த துணியைத் தொட்டால் வழுவழுப்பு இல்லாமல் இருந்தால்தான் சவுக்காரம் போய்விட்டது என்று பொருள்.

தோட்டத்துக் குடும்பங்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. மருந்து தெளிக்கும் வேலைக்குப் போனவரின் உடையையும் குழந்தைத் துணியையும் ஒரே வாளியில் போடக் கூடாது. ஒரே தண்ணீரில் அலசவும் கூடாது. தோட்டங்களில் மருந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள்தாம். அவர்கள் உடல்நலம் கெடுவதைத் தெனாகானித்தா அமைப்பும், பினாங்கில் இயங்கும் பூச்சிமருந்து எதிர்ப்பு அமைப்பும் 2002இல் அறிக்கையாகவே வெளியிட்டன. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம் அரசு 2002இல் தடை செய்து, 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முற்றாகத் தடை செய்துவிட்டது. ஆனால் மற்ற மருந்துகள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சட்டையைக் கழற்றியதும் தனி வாளியில் போட்டுத் தனியே துவையுங்கள். குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். வேலை விட்டு வரும் தகப்பனுக்கும் இது பொருந்தும். மருந்து அடித்த புதர் மேலும் புல் மேலும் குழந்தைத் துணியை விரித்துக் காயவைக்கவும் கூடாது.

காயவைப்பது அடுத்தது. வெயிலுக்கு மிஞ்சிய கிருமிநாசினி இல்லை. மலை தாண்டி வெயில் வந்ததும் துணி கொடியில் இருக்க வேண்டும். அதற்கேற்ப விடியற்காலையிலேயே துவைத்துவிட வேண்டும். பொழுது சாய்ந்தபின் குழந்தைத் துணி வெளியில் கிடக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். காத்துக்கருப்பு என்று காரணம் சொன்னாலும், இரவுப் பனியில் காய்ந்த துணி மறுபடி ஈரமாகிவிடும் என்பது உண்மை. ஆகவே அந்த வழக்கத்தை நாம் காப்பாற்றலாம். மழை நாளில் வீட்டுக்குள் காற்று ஓடும் இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் தொங்கவிடுங்கள். அடுக்கு மாடி வீடுகளுக்குக் குடிபோனவர்களுக்கும் இதுவே வழி. அடுப்புப் புகையிலும் சாம்பிராணிப் புகையிலும் உலர்த்த வேண்டாம். புகை துணியில் தங்கும். முக்கால் காய்ந்த துணியை இஸ்திரி போட்டு முழுதும் உலர்த்தலாம். எப்படியும் ஈரத் துணியை மடித்து வைக்கக் கூடாது.

நேயர்களே, கடைசியாகத் துணியை எடுத்து வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை மிகக் கவனமாகக் கேளுங்கள்.

மூத்த பிள்ளை வளர்ந்ததும் அதன் துணிகளைத் துவைத்து, அடுத்த பிள்ளைக்கு ஆகுமென்று பெட்டியில் வைக்கிறோம். அது சிக்கனம், நல்ல பழக்கம். ஆனால் வைக்கும்போது பூச்சி வராமல் இருக்க நாலு அந்துருண்டையையும் போட்டு மூடிவிடுகிறோம். பாச்சை உருண்டை, ரசகற்பூரம் என்றெல்லாம் சொல்கிறோமே, அதுதான். அது நாப்தலின் என்ற பொருள். இரண்டு ஆண்டு கழித்துப் புதிய குழந்தை பிறந்த அன்று அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்து, அந்த வாசனையோடு துணியை எடுத்துக் கட்டுகிறோம்.

நம் இரத்தத்தின் சிவப்பு அணுக்களைச் சிதையாமல் காப்பதற்கு ஜி6பிடி என்ற ஒரு நொதி உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது குறைவாக இருக்கும். தாய் வழியாக வருவது. ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது. சீன, மலாய்க் குழந்தைகளைவிட இந்தியக் குழந்தைகளிடம் இது குறைவு என்றாலும், நமக்கு இல்லை என்று சொல்வதற்கில்லை. அப்படிப்பட்ட குழந்தையின் உடம்பில் நாப்தலின் சேர்ந்தால் சிவப்பு அணுக்கள் உடைந்து சிதறுகின்றன. உடைந்த இரத்தத்திலிருந்து வரும் மஞ்சள் பொருளைப் பச்சிளங்குழந்தையின் கல்லீரலால் வெளியேற்ற முடிவதில்லை. அது மூளையில் போய்ப் படிந்தால் குழந்தை இறக்கலாம். பிழைத்தாலும் காது கேளாமலோ, கை கால் விளங்காமலோ போகலாம். நன்றாகப் பிறந்த பிள்ளை ஒரு வாரத்துக்குள் இந்த நிலைக்கு வந்துவிடக் கூடும்.

கிரேக்க நாட்டில் நடந்து 1963இல் வெளியான ஓர் ஆய்வில், நாப்தலின் வாசனையைச் சுவாசித்ததால் இரத்தம் சிதைந்த 21 பச்சிளங்குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். இருவர் இறந்துபோனார்கள். அந்தக் குழந்தைகள் உருண்டையை விழுங்கவில்லை. உருண்டையோடு வைத்திருந்த துணியும் போர்வையும் அறையில் இருந்ததே போதுமானதாயிற்று. அவர்களில் நொதிக் குறைபாடு இல்லாத குழந்தைகளும் இருந்தார்கள். ஆகவே நம் பிள்ளைக்குக் குறைபாடு இல்லை என்று தெரிந்தாலும் உருண்டை வேண்டாம். நம் வழக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாம் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறோம். நாப்தலின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெய்த் தோலில் அந்தத் துணியைக் கட்டினால் நஞ்சு இன்னும் சுலபமாக உள்ளே போகிறது. தண்ணீரில் ஒருமுறை அலசினால் அது போய்விடும் என்று எண்ணுவதும் அதனால்தான் தவறு.

பக்கத்துச் சிங்கப்பூரில் 1965 முதலே பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த நொதிச் சோதனை செய்து, குறைபாடுள்ளவர்களைக் கண்காணித்தார்கள். நம் நாட்டிலும் 1980களில் இது தொடங்கிற்று. பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் சோதனை நடக்கிறது. குறைபாடு இருந்தால் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் புறப்படும்முன் அந்த முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர் தாதியிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் பிறந்த அன்றே அந்துருண்டைத் துணியைக் கட்டிவிட்டால் முடிவு வருமுன் கேடு தொடங்கிவிடும். கண்ணும் தோலும் மஞ்சளித்தால் உடனே காட்ட வேண்டும். வெயிலில் கிடத்தினால் மஞ்சள் போய்விடும் என்று வீட்டில் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

சரி, உருண்டை போடாவிட்டால் பூச்சி அரிக்காதா? இங்கேதான் நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். அந்துப்பூச்சி தின்பது கம்பளியையும் பட்டையும். சுத்தமான பருத்தி அதற்கு உணவே அன்று. பருத்தியை அரிக்கும் வெள்ளிப் பூச்சியும் கரப்பானும் தேடி வருவது துணியில் உள்ள கஞ்சிக்கும் அழுக்குக்கும். கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாக அலசி, எலும்பு போல் உலர்த்தி, இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின்னிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ வைத்தால் எந்தப் பூச்சியும் வராது. உருண்டைக்கு அங்கே வேலையே இல்லை.

ஏற்கெனவே உருண்டை போட்டு வைத்த துணி உங்கள் வீட்டில் இருக்குமானால் அதைப் பிறந்த குழந்தைக்குக் கட்ட வேண்டாம். வீடு துடைக்க வைத்துக்கொண்டு, பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துப் புதிதாகத் தைத்துவிடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அலமாரியிலும் கக்கூசிலும் கிடக்கும் உருண்டைகளையும் எடுத்து எறிந்துவிடுங்கள். தவழும் பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்ட நிகழ்ச்சிகளும் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் 2008 முதல் நாப்தலின் உருண்டை விற்பதையே தடுத்துவிட்டார்கள்.

பேம்பர்ஸ் போன்றவை இருக்கும்போது இத்தனை தொல்லை எதற்கு என்று இளம் தாய்மார் கேட்கலாம். அவை 1961 முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தவை; இன்று நம் கடைகளிலும் நிறைந்திருக்கின்றன. பயணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அடைமழை இரவுக்கும் அவை உதவும், தவறில்லை. ஆனால் நாள் முழுதும் அதையே கட்டினால் மாதத்துக்கு இருநூறுக்கு மேல் வாங்க வேண்டிவரும். சம்பளத்தில் அது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். விலையை எண்ணி, ஒன்றையே நாள் முழுதும் விட்டு வைப்பதுதான் எல்லாவற்றிலும் கெடுதல். சுத்தமான துணியை அடிக்கடி மாற்றும் ஏழைத் தாயின் குழந்தை, விலையுயர்ந்ததைக் கட்டி மறந்துவிட்ட வீட்டுக் குழந்தையைவிடச் சுகமாக இருக்கும். பயன்படுத்தியதைக் கால்வாயில் எறியாமலும், வீட்டோரம் கொளுத்தாமலும் குப்பைத் தொட்டியில் சேர்க்க வேண்டும்.

இறுதியாக, தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு துணி என்றால், துவைத்து, மூன்று தண்ணீரில் அலசிப் பிழிவது, பிள்ளை பெற்ற உடம்புக்கு எவ்வளவு பாரம் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது அலசலைத் தாய் விட்டுவிடுவது சோம்பலால் அன்று, களைப்பால். தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும் துணியைப் பிழிந்து கொடியில் போடுவதும் ஆண்களுக்கு இழுக்கில்லை. பன்னிரண்டு வயது மகளின் தலையில் அந்த வேலை முழுவதையும் கட்டிவிட்டு, வீட்டுப் பாடம் எழுதவில்லையே என்று நொந்துகொள்வதும் நியாயமில்லை. வேலையை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வோம்.

நேயர்களே, பருத்தியாகப் பார்த்து எடுப்போம், தளர்வாகக் கட்டுவோம், நனைந்ததும் மாற்றுவோம், மருந்தடித்த உடையோடு சேர்க்காமல் துவைப்போம், மூன்று தண்ணீரில் அலசுவோம், முழுதும் உலர்த்துவோம், உருண்டை போடாமல் எடுத்து வைப்போம். இன்று இரவு படுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள துணிப் பெட்டியை ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள். பக்கத்து வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருந்தால் நாளைக் காலையில் அவளிடமும் இதைச் சொல்லுங்கள்.